எட்டாவது குழு

சுங்கை மெலாத்தி டவுனில்
பஸ் நிறுத்தம் இருக்கிறது, பஸ் வருவதில்லை.
அதில் உட்கார்ந்துதான்
பேனாக்களை உதறிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு கேள்விகள்.
ஒரு படிவத்துக்கு ஒன்பது வெள்ளி.
மோட்டாருக்கு எண்ணெய் என் கைக்காசு.

முதல் வீடு பூட்டு.
இரண்டாவதில் வங்காளத்துப் பையன்,
மொழி புரியாமல் சிரித்து
ஒரு கொய்யா கொடுத்தான்.
கொய்யாவைக் குறிக்கக் கட்டமில்லை.

மூன்றாவது வீட்டில் தவமலர்.
வயது ஐம்பத்தொன்று.
செம்பனைக் காட்டில் களைமருந்து அடிக்கிறார்.
நகக்கண்ணில் இன்னும் மருந்தின் நீலம்.
'பசியாறியாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான்
சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

குடும்பத்தில் எத்தனை பேர்?
'சோத்துக்கா, அட்டைக்கா?
சோத்துக்கு ஆறு.
நீல அட்டைக்கு நாலு, சிவப்புக்கு ஒன்னு,
என் கொழுந்தன் விண்ணப்பம் போட்டுப்
பதினெட்டு வருசம்.
அவன எந்தக் கட்டத்துல உக்கார வைப்ப?'

கேள்வி ஏழு. தெருவிளக்கு யார் பொறுப்பு?
நகராண்மைக் கழகம் என்றால் ஒன்று,
தோட்ட நிர்வாகம் இரண்டு, மற்றவை மூன்று,
தெரியாது என்றால் தொண்ணூற்றொன்பது.
'கம்பத்துக்கு அந்தாண்ட கழகம்,
இந்தாண்ட கம்பெனி.
கம்பம் நிக்கிற ஒரு அடிக்குத்தான் ஆளில்ல.
பல்பு அங்கதான் இருக்கு.'
மூன்றைச் சுழித்தேன்.
விவரம் எழுத விட்ட கோடு
ஒன்றரை அங்குலம்.

கடந்த ஓராண்டில் பொதுக்கூட்டம் எதிலாவது
கருத்துச் சொன்னீர்களா?
'பேசுனேன். மைக்க அணைச்சிட்டாங்க.
சொன்னேனா இல்லையான்னு
நீயே போட்டுக்க.'

பதினாறாவது கேள்வியில் எழுந்து போனார்.
ஐஸ்பெட்டி மேலிருந்து எடுத்து வந்தது
கடைக்காரர்கள் கடன் எழுதுகிற,
அட்டையில் மூன்று ஐந்து போட்ட குட்டிப் புத்தகம்.
உள்ளே ரூல் வைத்துக் கோடு கிழித்திருந்தார்.
தேதி. வேன் நம்பர். எத்தனை பேர்.
யார் அனுப்பியது.
என்ன கொடுத்தார்கள்: துணிப்பை, குவளை, துணிப்பை,
ஒன்றுமில்லை, பிஸ்கட்.
என்ன செய்வதாகச் சொன்னார்கள்.
கடைசிக் கட்டம்: திரும்பி வந்தார்களா.
அது மேலிருந்து கீழ்வரை
துடைத்த சிலேட்டு மாதிரி.

'நீ எட்டாவது' என்று பேனாவைத் திறந்தார்.
பேர்?
குமணன்.
யாரு அனுப்புனா?
சொன்னேன்.
ஒரு பாரத்துக்கு எவ்வளவு?
ஒன்பது.
'போன தடவ வந்த புள்ளைக்கு ஏழு.
இந்தத் தோட்டத்துக்குள்ள வந்து
ஏறுன ஒரே சம்பளம் இதுதான்.'
சிரிக்காமல் எழுதினார்.

அப்பா எந்தத் தோட்டம்?
இந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.
புக்கிட் சேனா, ரெண்டாம் டிவிசன்.
இப்ப?
இப்போது அது டோல் சாவடி.
ஓ, என்றார். அதற்கும் ஒரு கட்டம் வைத்திருந்தார்.

'அறிக்கை வந்ததும் நானே கொண்டு வருவேன்' என்றேன்.
யாரும் சொல்லச் சொல்லவில்லை,
வாயில் வந்துவிட்டது.
அதையும் எழுதினார், என் வார்த்தையிலேயே,
நானே என்பதற்கு அடியில் ஒரு கோடு.
புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.
'போடு.'
காலையில் அவர் போட்டது தெளிவான கையெழுத்து.
என்னுடையதில்
குமணனின் கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டிவிட்டது.

பதினாறுக்கு மேல் நாங்கள் போகவில்லை.
முடியாத படிவத்துக்குக் காசில்லை,
மேற்பார்வையாளர் முன்பே சொல்லியிருக்கிறார்.

திரும்பும் வழியில் அந்தக் கம்பம்.
இருட்டத் தொடங்கியிருந்தது, விளக்கு எரியவில்லை.
தகரத்தில் எண் அடித்திருந்தார்கள்:
சைபர் நாலு ஒன்னு ஏழு.
படிவத்தில் இடமில்லாததால்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
செம்பனைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.
மழை இறங்குவதற்குள்
டவுனுக்குப் போய்விட வேண்டும்.